நாவூர் இறக்கம்

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று முதல் நான் ‘தொழில்துறை மேற்பார்வையாளர்’. முதலாளி அபூ திரார் காலையில் அறைக்குக் கூப்பிட்டு, காப்பிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தியபடியே இந்தப் பட்டத்தைச் சூட்டினார். இருபது வருடத்துக்கு மேலாக, தலைநகர் அம்மானுக்கு வெளியே இந்த ஸஹாப் தொழிற்பேட்டையில் அவருடைய மினிபஸ்களைச் சோதித்து வெளியே அனுப்புகிறேன். ‘எஞ்சினியர் ருதைனா’ என்ற பேரே இதுவரை போதுமானதாக இருந்தது.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகமும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து ஒரு ஹைபிரிட் மினிபஸ் செய்யப் போகிறோம். பாதி டீசல் எஞ்சின், பாதி மின்மோட்டார். வடிவமைப்பு அவர்களுடையது, வண்டியும் வியர்வையும் எங்களுடையது, நிதி அரசாங்கத்துடையது. அபூ திராருக்கு ஹைபிரிட் என்றால் என்னவென்று தெரியாது. பக்கவாட்டில் பச்சை இலை வரைந்த பஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இலையை எந்தப் பக்கம் போடலாம் என்பதுதான் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

பல்கலைக்கழகத்தின் சார்பில் தலைவன் டாக்டர் முனீப். மின்பொறியியல் பேராசிரியன். பட்டறைக்குள் ஊதா நிற டையுடன் வந்தான். ஆள் வருவதற்கு முன்னால் அத்தர் வந்தது. ஆள் போன பிறகும் அது போகவில்லை, வெல்டிங் புகையையே தோற்கடித்துவிட்டது. நாம் வரலாறு எழுதப் போகிறோம் என்று என் ஆட்களிடம் சொன்னான். எங்கள் சோதனை ஓட்டுநர் ஹம்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அக்கா இன்ஸாஃபிடம் இதையெல்லாம் சொன்னேன். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டாள். “உனக்கு இந்த உலகத்துல யாரையாச்சும் பிடிச்சிருக்காடி?”

அவள் செய்யும் மக்லூபாவைப் பிடிக்கும் என்றேன்.

“அது ஆள் இல்ல. சோறு.”

பிப்ரவரி 20, செவ்வாய்

வடிவமைப்புப் படங்கள் வந்துவிட்டன. வண்ண வண்ணமாக, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

எங்கள் மினிபஸ்களில் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ரிடார்டர் இருக்கும். நீண்ட இறக்கத்தில் ஓட்டுநர் கால் பிரேக்கைத் தொடாமலே வண்டியைப் பிடித்து வைக்கிற இரும்புப் பெட்டி அது. முனீப் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை வைத்திருக்கிறான். இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடிக்கும், பிடிக்கும்போது உண்டாகிற மின்சாரம் பேட்டரிக்குப் போகும். சரி, எல்லா ஹைபிரிட்டும் அப்படித்தான். அதோடு இன்னொன்று: இறக்கத்தில் டீசல் எஞ்சின் தானாகவே சக்கரத்திலிருந்து துண்டித்துக்கொள்ளும். எரிபொருள் மிச்சமாம். அதாவது எஞ்சினும் இழுத்துப் பிடிக்காது.

கூட்டத்தில் கேட்டேன். அம்மானிலிருந்து சாக்கடலுக்கு இறங்குகிற சாலையில் பேட்டரி பாதி வழியிலேயே நிரம்பிவிட்டால் மிச்ச மின்சாரத்தை எங்கே வைப்பீர்கள்? நிரம்பிய பேட்டரி வாங்காது. வாங்காவிட்டால் மோட்டார் பிடிக்காது. ரிடார்டர் இல்லை. எஞ்சின் இல்லை. வெறும் கால் பிரேக்.

முனீப் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களையும் பார்த்துச் சிரித்தான்.

“நீங்க பிரேக் மாதிரியே யோசிக்கறீங்க, எஞ்சினியர். கொஞ்சம் மோட்டார் மாதிரி யோசிங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அபூ திராரும். நகைச்சுவை புரிந்து சிரித்தாரா என்பது சந்தேகம்.

ஒரு தடவை சொல்வேன். இரண்டாவது தடவை சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

பிப்ரவரி 21, புதன்

ரிடார்டரைக் கழற்றினோம். என் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 21, வியாழன்

ரமழானுக்காகப் பல்கலைக்கழகத்தாருக்குக் கம்பெனியில் இஃப்தார் விருந்து. பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் வாயில் போட்டு, சூப் பாதி குடிக்கையில் முனீப் மைக்கைப் பிடித்துவிட்டான். பசித்திருக்கிற நூறு பேருக்கு முன்னால் எதிர்காலம் பற்றிப் பேச ஒரு மனிதனுக்கு எத்தனை தைரியம் வேண்டும். மன்ஸஃப் கறிச்சோறு ஆறி, தயிர் ஏடு கட்டுகிறவரை பேசினான். ‘அறிவும் தொழிலும் கைகோர்க்கும் தருணம்’ என்றான். அந்தத் தருணத்தில் என் கை கரண்டியைக் கோர்த்திருந்தது.

அவனுக்குப் பின்னால் அபூ திரார் பேசினார். பல்கலைக்கழகத்தின் பேரை மாற்றிச் சொன்னார். யாரும் திருத்தவில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டதைப் புகைப்படக்காரர் சரியாக எடுக்கவில்லையாம். மறுபடியும் முத்தமிட்டுக்கொண்டார்கள்.

ஏப்ரல் 22, திங்கள்

பல்கலைக்கழகத்தில் கணினிச் சோதனையைக் காட்டினார்கள். திரையில் எங்கள் பஸ் ஓடியது. நின்றது, ஓடியது, நின்றது. டீசல் எவ்வளவு மிச்சம் என்று ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. கைதட்டினார்கள். எந்த ஊர்ச் சாலை இது என்று கேட்டேன். ஐரோப்பிய நகரம் ஒன்றின் பொது மாதிரியாம், உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்களாம். சமதளம். தரை துடைத்த கூடம் மாதிரி. ஏழு மலைமேல் உட்கார்ந்திருக்கிற ஊருக்கு வண்டி செய்கிறோம். எங்கோ குளிர் ஊரில் எவனோ பால் வாங்கப் போன பாதையில் அதை ஓட்டிப் பார்த்துக் கைதட்டிக்கொள்கிறோம்.

இந்த வேலையையெல்லாம் உண்மையில் செய்வது முனீபின் ஆராய்ச்சி மாணவி. பேர் லுஜைன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பட்டறைக்கு வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறவள். கூட்டம் முடிந்து நான் கார் வரைக்கும் போனபோது பின்னாலேயே ஓடி வந்தாள். பிப்ரவரியில் நான் இறக்கத்தைப் பற்றிக் கேட்டது அவள் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறதாம். அந்தச் சாலையில் எவ்வளவு சரிவு, ஓட்டுநர்கள் எங்கே பிரேக் பிடிப்பார்கள், எங்கே விடுவார்கள் என்று விளக்கிச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

“உங்க டாக்டர்கிட்டக் கேளும்மா. அவர்தானே மோட்டார் மாதிரி யோசிக்கறவர்.”

கார்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

திருப்தியாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். இருந்தது.

மே 14, செவ்வாய்

வண்டி ஓடுகிறது.

எழுத எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது. ஜபல் ஹுஸைன் குன்றிலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு இறங்கி, மறுபடி ஜபல் அம்மான் ஏறி, ரவுண்டானாக்களில் சுற்றி, ஒரு வாரமாக ஹம்தான் ஓட்டுகிறார். ஏற்றத்தில் மோட்டார் பின்னாலிருந்து தோளில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளுகிறது என்கிறார். சின்னச் சின்ன இறக்கங்களில் வண்டியை அழகாகப் பிடிக்கிறது. டீசல் நிஜமாகவே மிச்சம்.

முனீப் தினமும் போன் செய்கிறான். “எப்படி, எஞ்சினியர், எப்படி?” பரவாயில்லை என்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் என்னிடமிருந்து பெயராது.

மே 30, வியாழன்

பக்கத்து மலையூரான ஸல்ட் வரை போய் வந்தோம். கிளம்பும்போது பேட்டரி பாதிதான் இருந்தது, அதனால் இறக்கத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. முனீப் அதைப் பெரிய சான்றாக எடுத்துக்கொண்டான். “இறக்கம் இறக்கம்னு சொன்னீங்களே, எஞ்சினியர்?” என்றான்.

பாதி வயிறோடு சாப்பிட உட்கார்ந்தால் யாருக்கும் இடம் இருக்கும். சொல்லவில்லை. சிரித்தேன்.

ஜூன் 24, திங்கள்

சாக்கடல் ஓட்டல் ஒன்றில் ஜூலை ஒன்பதாம் தேதி சுத்தப் போக்குவரத்து மாநாடு. அமைச்சர் வருகிறார். அபூ திராருக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது: விருந்தினர்களை அம்மானிலிருந்து நம் ஹைபிரிட் பஸ்ஸிலேயே அழைத்துக்கொண்டு போவது. நாவூர் இறக்கம் வழியாக, கடல் மட்டத்துக்குக் கீழே வரைக்கும். கேமராக்காரர்களோடு.

பஸ்ஸுக்குள் பெரிய திரை வைக்கிறார்கள். அதில் பேட்டரி பச்சையாகத் தெரியும். ஏறும்போது நூறு சதவீதம் காட்டியே ஆக வேண்டும் என்கிறார் முதலாளி.

“விருந்தாளி முன்னால பாதித் தட்டையா வைப்போம்? நிறைய வைங்க. முழுசா சார்ஜ் போடுங்க.”

முனீப் தலையாட்டினான். சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்துகிற கட்டுப்பாட்டை அன்று ஒரு நாளைக்குத் தளர்த்திவிடலாம் என்றான். லுஜைன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

நான் அங்கேதான் இருந்தேன். தேநீரில் மர்யமிய்யா இலை அதிகமாகிவிட்டது, கசந்தது.

யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏன் போட்டேன்? வேறு வேலை இல்லையா?

உச்சியில் நிரம்பிய பேட்டரி. பத்தொன்பது பேர், சாமான். நாற்பது டிகிரி வெயில். முதல் வளைவிலிருந்தே கால் பிரேக் மட்டும். பாதி வழியில் பிரேக் சூடேறிப் புகையும். அதற்கப்புறமும் இறக்கம் இருக்கிறது. ஹம்தான் கைதேர்ந்தவர். புகை வந்ததும் ஓரமாக நிறுத்திவிடுவார். விருந்தாளிகள் வெயிலில் இறங்கி நிற்பார்கள். அமைச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். முனீபின் டை வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் நடக்கும்.

அவ்வளவுதானா?

நிறுத்துவதற்கு பிரேக் மிச்சம் இருந்தால், அவ்வளவுதான்.

நோட்டை மூடிவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

ஒத்திகை. பஸ் அலுவலக வாசலில் நிற்கிறது, இரண்டு பக்கமும் இலை. லுஜைன் உள்ளே நின்று திரையைக் காட்டி விளக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள்தான் விருந்தினர்களுக்கு வழி முழுக்க விளக்கம் சொல்கிறாள். ஆனால் அவள் முகம் சரியில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எனக்கு, பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற கம்பெனிக் காரில் இடம்.

வீட்டில் சாப்பிட முடியவில்லை. இன்ஸாஃப் கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. வண்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அந்த முட்டாள்களுக்கு நாளைக்குத் தெரியும் என்றேன்.

“உனக்கு இன்னிக்கே தெரியுதே. போன் பண்ணிச் சொல்லேன்.”

“சொல்லியாச்சு. பிப்ரவரியில.”

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் எஞ்சினியர் இல்லை. அவளுக்கு என்ன தெரியும்?

ஜூலை 9, செவ்வாய்

எங்கே ஆரம்பிப்பது. ஒழுங்காக எழுதுகிறேன்.

எட்டரைக்கெல்லாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். நிழல் பந்தல், பேரீச்சம்பழம், குளிர்ந்த மோர். அபூ திரார் புது கோட்டில் எல்லோரையும் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். முனீப் மட்டும் காணவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிறான் போல என்று நினைத்தேன். அமைச்சர் வந்தார், ரிப்பன் வெட்டினார், விருந்தாளிகள் ஏறினார்கள். லுஜைன் திரைப் பக்கத்தில் நின்றாள். பச்சையாக நூறு. ஹம்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் பாதி தெரியும், பட்டறையில் இருக்கிற எல்லோருக்கும் பாதி பாதி தெரியும். நான் சொன்னால் இறங்கிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். நான் கார்ப் பக்கம் நடந்தேன்.

நடந்தேன் — அதை எழுதிவிட வேண்டும்.

அப்போதுதான் முனீபின் பழைய ஹைபிரிட் கார் உள்ளே வந்தது. கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினான். டை இல்லை. சட்டையில் உப்புப் பூத்திருந்தது, முகம் வெந்திருந்தது. நேராக பஸ் வாசலுக்குப் போய்ப் படியில் நின்றுகொண்டான், யாரும் கதவை மூட முடியாதபடி.

“டாக்டர், ஏறுங்க, படம் எடுக்கறாங்க” என்றார் அபூ திரார், பல்லைக் காட்டிக்கொண்டே, உதடு அசையாமல்.

“இந்த வண்டி இன்னிக்குக் கீழ போகாது, அபூ திரார். எல்லாரும் இறங்கட்டும்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. சிலர் சிரித்தார்கள். அமைச்சர் என்ன விஷயம் என்று கேட்டார். முனீப் அவர் பக்கம் திரும்பிச் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

“பேட்டரி நிரம்பியிருக்கு, ஐயா. இறக்கத்துல வண்டியைப் பிடிக்க ஒண்ணும் இருக்காது. வடிவமைப்புல தப்பு. அது என் தப்பு. எஞ்சினியர் ருதைனா பிப்ரவரியிலேயே சொன்னாங்க. நான்தான் சிரிச்சேன்.”

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. கேமராக்களும். நான் கார்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

“அப்படியா, எஞ்சினியர்?” என்றார் அமைச்சர்.

“ஆமாம்” என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

விருந்தாளிகள் இறங்கினார்கள். சாதாரண சுற்றுலா பஸ் ஒன்றை வரவழைத்து, அதில் அனுப்பினார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி வந்த ஹம்தான் என்னைத் தாண்டிப் பட்டறைக்குள் போனார். அமைச்சர் போகும்போது எனக்குக் கை கொடுத்தார். உங்களைப் போன்றவர்கள்தான் தேவை என்றார். என் கை ஈரமாக இருந்தது, வெயில் என்று நினைத்திருப்பார்.

ஜூலை 10, புதன்

செய்தித்தாளில் படம். ‘எச்சரித்த பெண் பொறியாளர்’. இன்ஸாஃப் வெட்டி எடுத்துக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டினாள். நான் கிழித்தேன். ஏன் கிழித்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 18, வியாழன்

அபூ திரார் முனீபைத் திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார். அமைச்சர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டானாம். “முந்தின நாளே காதுல போட்டிருந்தா நாசூக்கா முடிச்சிருப்பேனே” என்று என்னிடம் குமுறினார். நாசூக்காக என்றால்? அதே பஸ், அதே சாலை, திரையை மட்டும் அணைத்துவிட்டு. அவரை எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழகமும் சுருக்கென்று வேலையை முடித்துவிட்டது. முனீபுக்கு இனி முதலாண்டு மாணவர்களுக்கு மின்சுற்று வகுப்பு. ஆய்வகச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இஃப்தாரில் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டிய அதே ஆட்கள். இவர்களிடம் நான் வேறு என்ன எதிர்பார்த்தேன்?

என்னை அங்கே பொறியியல் மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பற்றிச் சொற்பொழிவாற்றக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

போனேன். பேசினேன். கைதட்டினார்கள். இந்த ஊரில் எதற்குத்தான் கைதட்ட மாட்டார்கள்.

முடிந்ததும் லுஜைனைத் தேடிப் போனேன். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. ஜூலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். சொன்னாள், முகத்தை என் பக்கம் திருப்பாமல்.

அந்த நூறு சதவீத முடிவுக்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு நாவூர் இறக்கத்தில் பல தடவை போய் வந்து, சரிவை போனிலேயே பதிவு செய்துகொண்டாள். அதைத் தன் கணினி மாதிரியில் போட்டாள். ஒத்திகை நாளில் முடிவு கைக்கு வந்தது. அன்று சாயங்காலம் முனீபிடம் காட்டினாள். முனீப் கத்தினான், வெளியே போ என்றான். விடிந்ததும் தானே காரை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி அவளுடைய எண்களைச் சரிபார்த்திருக்கிறான். வழியில் போன் எடுக்கவில்லை, ஏறி வர நேரமாகிவிட்டது. விழா நடந்துகொண்டிருந்தது. அவனை மீறி யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அவளும் பஸ்ஸில் ஏறியிருந்தாள்.

“கத்திட்டு, அப்புறம் ஏன் நம்புனார்?”

“என் எண்கள் சரியா இருந்துச்சு. அதான்.”

நாற்காலியைக்கூட அவள் எனக்குக் காட்டவில்லை. நின்றுகொண்டே கேட்டேன், நின்றுகொண்டே கிளம்பினேன்.

செப்டம்பர் 11, புதன்

வேலை நடக்கிறது. அபூ திரார் கைவிடச் சொன்னார், நான் விடவில்லை. பஸ் கூரைமேல் கம்பிக் கூடு ஒன்று ஏறியிருக்கிறது. பேட்டரி வாங்காத மின்சாரத்தை அது சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். அதனால் மோட்டார் எப்போதும் வண்டியைப் பிடிக்கும். இறக்கத்தில் எஞ்சின் துண்டித்துக்கொள்வதையும் எடுத்துவிட்டோம்.

கணக்கெல்லாம் லுஜைன் போடுகிறாள். மின்னஞ்சலில் அனுப்புகிறாள். ‘வணக்கம்’ இல்லை, ‘நன்றி’ இல்லை, எண்கள் மட்டும். தப்பே இல்லாத எண்கள். சில இடங்களில் இது அவளுடைய வழி இல்லை, வேறு யாரோ அருகிலிருந்து திருத்துகிறார்கள் என்று தெரிகிறது. யாரென்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

நிரம்பிய பேட்டரியோடு, ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகளோடு, நாவூர் இறக்கத்தில் இறங்கினோம். ஹம்தான் ஓட்டினார். பக்கத்தில் நான். பின்னால் லுஜைன் மடிக்கணினியோடு. இந்தத் தடவை விழா இல்லை, அபூ திரார் வரவில்லை.

முதல் வளைவு தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பழைய ஹைபிரிட் கார், நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டு, பின்னாலேயே வருகிறது. டாக்டர் முனீப். யாரும் அழைக்கவில்லை. நாங்கள் வேகம் குறைத்தால் அவரும் குறைத்தார், நாங்கள் எடுத்தால் அவரும் எடுத்தார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார் என்று லுஜைன் சொன்னாள், பிரேக் தீயும் வாசனை வருகிறதா என்று. அவளுக்குச் சிரிப்பு. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாசனை வரவில்லை. கூரைமேல் காற்று கானலாக நெளிந்தது. ஹம்தானின் கால் பிரேக்மேல் சும்மா கிடந்தது. கீழே, கடல் தெரிகிற திருப்பத்தில் நிறுத்தினோம். இறங்கிச் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

டாக்டரும் வந்து கை வைத்துப் பார்த்தார். மறுபடி டை. அதே ஊதா. இந்த வெயிலில்.

ஹம்தானும் லுஜைனும் தேநீர்க் கடைப் பக்கம் போனார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாலையோரக் கல்மேல். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகச் சொன்னேன்.

“டாக்டர், நீங்க அன்னிக்கு என்னைப் பத்திச் சொன்னது பாதிதான் சரி. பிப்ரவரியில சொன்னேன். அப்புறம் வாயைத் திறக்கல. லுஜைன் வந்து கேட்டப்பகூட விரட்டிட்டேன்.”

“தெரியும். அவ சொன்னா.”

“தெரிஞ்சா ஏன் என் பேரைச் சொன்னீங்க?”

“நான் நிறுத்துங்கன்னா அபூ திரார் நிறுத்துவாரா? அவருக்கு நான் வெறும் டை. நீங்க சொன்னீங்கன்னு சொன்னாத்தான் ஜனங்க இறங்குவாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். “உங்களைப் பெருமைப்படுத்தறதுக்கு இல்ல, எஞ்சினியர். எனக்கு ஒரு பேர் வேண்டியிருந்துச்சு.”

இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“இன்னொண்ணு. ரெண்டு நாள் முன்னாலயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் அங்க வந்து நின்னேன்.”

இது அவருக்குத் தெரியாது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேர்னு போட்டீங்க?”

“பத்தொம்பது.”

“லுஜைனைச் சேத்தா, சேக்காமலா?”

சேர்த்துத்தான் போட்டிருந்தேன்.

அவர் எழுந்தார். கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார், நிதானமாக, இரண்டு கால்களிலும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

“ஏறும்போது நான் பஸ்ஸுல வரேன். ஏத்தத்துல மோட்டார் எவ்வளவு சூடாகுதுன்னு பாக்கணும். நீங்க என் காரை எடுத்துட்டு வாங்க.”

சாவியை என் கையில் கொடுத்தார். ஏறும் வழி முழுக்க அந்த அத்தர் வாசனையில் தனியாக வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கூட்டு ஆய்வகம் நிரந்தரமாகிறது. ஐந்து பஸ்களுக்கு ஆர்டர் வந்ததும் அபூ திராருக்கு அறிவியல்மேல் பாசம் பொங்கிவிட்டது. இயக்குநர் பதவிக்கு என் பேரைப் போடச் சொல்லியிருக்கிறார்.

முடியாது என்றேன். டாக்டர் முனீப் பேர் போடுங்கள், இல்லாவிட்டால் ஐந்து பஸ்ஸையும் யார் சோதித்து வெளியே அனுப்புவது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“அந்த ஆளையா? நீங்கதானே அந்த ஆளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்குவீங்க?”

“இப்பவும் பிடிக்காது.”

“அப்புறம்?”

ஜூலையில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முழுதாக, ஒத்திகை நாள் வரைக்கும். முதலாளி நெடுநேரம் காப்பிக் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், இதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். கம்பெனி பேருக்காக.

இன்ஸாஃபிடம் சொன்னேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். இங்கே எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

ஆய்வகத்தின் முதல் கூட்டம். இயக்குநர் டாக்டர் முனீப். துணை இயக்குநர் லுஜைன், ஆய்வேடு முடிந்ததும் முறைப்படி அறிவிப்பார்களாம். கம்பெனி சார்பில் நான், வாரம் மூன்று நாள், அவர்கள் இருவருக்கும் கீழே. என் மேஜை ஜன்னல் இல்லாத மூலையில். இங்கே தேநீர் சகிக்கவில்லை. மாணவர்களில் ஒருவனுக்குத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. சுவரில் ‘நாளைய சக்கரங்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், யார் யோசனை என்று கேட்கவே வேண்டாம்.

கூட்டம் ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார். ஒன்பதரை ஆகியும் டாக்டர் வரவில்லை. மாணவர்கள் கிளம்பலாமா என்று என்னைப் பார்த்தார்கள்.

உட்காருங்கள், வருவார் என்றேன்.